வெயிலைத் தேடிப் போன வயர்

“ராத்தா! மீனெல்லாம் மேல வந்து வாயப் பிளக்குது!”

தம்பி ஹிஷாமின் சத்தம் கேட்டு அஸ்னா முற்றத்துக்கு ஓடினாள்.

சீமெந்துத் தொட்டியின் நடுவே ஒரு சின்ன நீரூற்று. அதன் பம்ப் சோலர் தகட்டில் ஓடுவது. இரவெல்லாம் அது ஓடாததால் விடியும்போது தம்பியின் மீன்களுக்கு மூச்சு முட்டும். கடல் பக்கமிருந்து வெயில் வந்ததும் பம்ப் தண்ணீரைப் பீச்சும். மீன்கள் தெளிந்துவிடும்.

இன்று வெயில் வரவில்லை. பக்கத்து வீட்டில் சரீபா மாமியின் புதிய மாடிச் சுவர் நேற்றுத்தான் எழும்பியிருந்தது. முற்றம் முழுக்க நிழல். தகட்டின் வயரோ ஒரு முழம்தான்.

“கிணத்துத் தண்ணி ஊத்தவா?”

“வேணாம். சுனாமிக்குப் பிறகு அது உப்பு. தொட்டித் தண்ணியவே கோப்பையால அள்ளி அள்ளி ஊத்து. அப்பதான் காத்துக் கலக்கும். நிப்பாட்டாத.”

உடைந்த ஸ்பீக்கரின் நீண்ட வயர் வீட்டில் கிடந்தது. அதையும் தகட்டையும் எடுத்துக்கொண்டு அஸ்னா மாமியிடம் போனாள்.

“மாமி, உங்கட சுவர் எங்கட வெயில மறைச்சிட்டு.”

“அதுக்கு? சுவர இடிக்கவா?”

“இல்ல. இந்தத் தகட்ட உங்கட மாடியில வைக்கவா?”

“வயரத் தொங்கவிட்டு எனக்குக் கரண்ட் அடிக்கவா?”

“இது வீட்டுக் கரண்ட் இல்ல மாமி. வெயில்ல ஓடுற சின்னச் சாமான்.”

மாமி சுவரைத் தடவினார்.

“கடல் ஊருக்குள்ள வந்த அண்டு ஏறி நிக்க எனக்கு ஓரிடம் இருக்கல்ல. நாட்டுச் சண்டை முடிஞ்ச பிறகுதான் இதக் கட்ட ஏலுமாச்சு. என்ட மாடிய யாரும் குறை சொல்லப்படாது.”

“நான் குறை சொல்லல்ல மாமி. மீனுக்கும் கொஞ்சம் இடம் கேக்கன்.”

மாமி அவளைப் பார்த்தார்.

“வாய்க்காரி. ஏறு. படிக்குக் கைபிடி இல்ல, மெதுவா.”

மாமியும் பின்னால் ஏறி வந்தார். மேலே நல்ல வெயில். அஸ்னா தகட்டை வைத்தாள். வயரைத் தகட்டோடு இணைத்துக் கீழே இறக்கினாள். முற்றத்துக்கு ஓடி வந்து மறுமுனையைப் பம்போடு முறுக்கி டேப் சுற்றினாள்.

பம்ப் அசையவில்லை.

“என்ன புள்ள, என்ட மாடியில வெயிலுக்கும் பழுதா?” மாமி மேலிருந்து எட்டிப் பார்த்தார்.

“ராத்தா, கை நோகுது,” என்றான் ஹிஷாம். ஒரு மீன் பக்கவாட்டில் சாய்ந்தது.

அஸ்னா பம்பின் பக்கம் குனிந்தாள். பம்பை எரித்துவிட்டேனோ?

டேப்பைப் பிரித்தாள். அவசரத்தில் வயரின் இரண்டு நுனி, பம்பின் இரண்டு நுனி, நான்கையும் ஒரே முடிச்சாக முறுக்கியிருந்தாள்.

“பம்ப் பாவம். பிழை என்ட கையிலதான்.”

சிவப்போடு சிவப்பு. கறுப்போடு கறுப்பு. இரண்டும் தொட்டுக்கொள்ளாதபடி தனித்தனியாக டேப்.

பம்ப் உறுமியது. தண்ணீர் எழும்பி ஹிஷாமின் மூக்கில் அடித்தது.

“பீச்சுது! பீச்சுது!” மேலே மாமி கைதட்டினார்.

ஹிஷாம் கோப்பையைக் கீழே வைத்தான். சாய்ந்த மீன் வாலை அசைத்து நிமிர்ந்தது.

பிறகு ஒவ்வொன்றாக, மீன்கள் அடிக்கு இறங்கின.