படிவத்தில் எழுதிய பெயர்

ஞாயிற்றுக்கிழமை பார்வை நேரம் பத்து மணிக்கு என்றால், எட்டு மணிக்கே மாதேஷுக்குக் கை நடுங்கத் தொடங்கிவிடும். அது குடிநடுக்கம் அல்ல. குடி அவனை விட்டுப் போய் நாலு மாதம் ஆகிறது. இப்போது எதிரே டம்ளர் நிறைய ஊற்றி வைத்தாலும் விளக்கெண்ணெயைப் பார்ப்பதுபோல்தான் பார்ப்பான். நடுக்கம் அவன் மனைவி சங்கவிக்காக.

எல்லாம் நாட்டமாற்றி என்ற கருவி செய்த வேலை. குடி மூளையில் ஒரு வாய்க்காலை வெட்டி வைத்துவிடுகிறது. அதைத் தூர்க்க முடியாது, தண்ணீரை மட்டும் வேறு வயலுக்குத் திருப்பிவிடலாம் என்று கண்டுபிடித்திருந்தார்கள். தலையில் கவசத்தை மாட்டி நாற்பது நிமிடம் உட்கார்ந்தால் போதும். அதற்கு முன் நிரப்பும் படிவத்தில், குடிக்குப் பதிலாக எதன்மேல் ஆசை வேண்டும் என்று ஒரு கேள்வி. குப்புராஜ் என்பவன் தோட்டம் என்று எழுதினான். இன்னொருவர் கேரம். மாதேஷ் மட்டும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு 'என் மனைவி' என்று எழுதி, பெயரையும் சேர்த்தான். அதைப் படித்து சங்கவி அழுதுவிட்டாள். பன்னிரண்டு வருடமாக அவள் பாட்டிலைச் சக்களத்தி என்றுதான் சொல்லிவந்தாள். சக்களத்தி தொலைந்தாள் என்று அவள் மகிழ்ந்ததில் என்ன தப்பு?

சிகிச்சை முடிந்தவர்கள் நேரே வீட்டுக்குப் போய்விட முடியாது. ஏற்காட்டு மலையடிவாரத்து இடைநிலை இல்லத்தில் ஆறு மாதம் இருக்க வேண்டும். காலையில் கூடத்தில் உறுதிமொழி. ஒருவர் தன்னுடையதைச் சொல்ல, மற்ற எல்லோரும் துணைக்கு அதையே திருப்பிச் சொல்வார்கள். பிறகு வெளியே வேலைக்குப் போய் ஆறு மணிக்குள் திரும்ப வேண்டும். மாதேஷுக்குக் கொலுசுப் பட்டறையில் வேலை. முதல் மாதம் ஒவ்வொரு கொலுசையும் மனதுக்குள் சங்கவியின் காலில் போட்டுப் பார்த்துக் கிறங்கினான். இரண்டாம் மாதம், தான் பார்க்காத நேரத்தில் அவளை யார் பார்க்கிறார்கள் என்ற யோசனை வந்தது. அத்தோடு நிம்மதி போயிற்று.

சங்கவி பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பு மேசையில் இருந்தாள். வருகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பதுதான் அவள் வேலையில் பாதி. மாதேஷ் பட்டறையில் வயிற்றுவலி என்று பொய் சொல்லிவிட்டு அவள் வேலை பார்க்கும் இடத்துக்கு எதிர் டீக்கடையில் போய் நின்றான். ஐந்தே நிமிடம், ஒரே ஒரு பார்வை, போய்விடலாம் என்றுதான் நினைப்பான். ஒருநாளும் ஐந்து நிமிடத்தில் முடிந்ததில்லை. தாடை வீங்கி வந்த கிழவரைப் பார்த்து அவள் சிரித்ததற்குக்கூட அவன் வயிறு எரிந்தது.

போன ஞாயிறு அவள் குப்புராஜின் பாகற்கொடியை மெச்சி, மகளுக்கு வறுத்துக் கொடுக்க ரெண்டு காய் கேட்டாள். அவன் பூரித்துப்போய் ஏழு காய் பறித்துக் கொடுத்தான். மறுநாள் காலை கொடி வேரோடு கிடந்தது. குப்புராஜ் மண்ணில் உட்கார்ந்து அழுத அழுகை மாதேஷுக்கு நன்றாகவே புரிந்தது. ஆனாலும் இரக்கம் வரவில்லை. கேட்டது ரெண்டு, கொடுத்தது ஏழு, எதற்கு என்பதுதான் அவன் மண்டையைக் குடைந்தது.

இந்த ஞாயிறு அவள் வந்ததும் முதல் வேலையாக அவள் கைப்பையைக் கொட்டிக் கிளறினான். கொடியைப் பிடுங்கியது யார் என்று அவள் கேட்டதற்கு, மகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். பிறகு அவள் மடியில் இருந்த மகளை முறைத்தான்.

"பாப்பாவ எறக்கி விடு. வீட்ல நாள் பூரா உன்கூடத்தான ஒட்டிட்டுக் கெடக்கறா."

சங்கவி அவன் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டிலைத் தேடி பீரோவைப் புரட்டும்போது இருந்த அதே கண்கள். மகளைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"குடிச்சாலும் விடிஞ்சா தெளிஞ்சிருவீங்க. இது தெளியவே மாட்டேங்குதுங்க" என்றாள்.

இல்லத்து மருத்துவர் அருந்ததியிடம், இன்னொரு தடவை திருப்பிவிட முடியுமா என்று கேட்டாள். மூளை ஒரு தடவைதான் தாங்கும் என்றார் அவர். மாதேஷ் பதறிப்போய்க் குறுக்கே புகுந்தான்.

"கொஞ்சங் கொஞ்சமா கொறச்சுக்கறேன் டாக்டர். வாரத்துக்கு ஒரே ஒரு தடவ."

அந்த வாக்கியத்தை அங்கே கேட்காதவர் யாருமில்லை. கொஞ்சமாகக் குறைத்துப் பிழைத்தவர் எவருமில்லை, அடியோடு விடுவதுதான் வழி என்றார் மருத்துவர். சங்கவி இனிப் பார்க்க வருவதில்லை என்ற தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

மறுநாள் காலை கூடத்தில் மாதேஷின் முறை வந்தது. தாளைப் பார்த்துத் தட்டுத்தடுமாறிப் படித்தான்.

"இன்று ஒருநாள் நான் சங்கவியைப் பார்க்க மாட்டேன். சங்கவியோடு பேச மாட்டேன். சங்கவியை நினைத்து ஏங்க மாட்டேன்."

இருபத்துமூன்று ஆண்கள் ஒரே குரலில் அதைத் திருப்பிச் சொன்னார்கள். அவர்களில் யார் அவள் பெயரைக் கொஞ்சம் இழுத்துச் சொன்னது என்று மாதேஷ் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான்.