தாழிக்குள் விழுந்த முகம்

அந்த முகம் முதலில் பேருந்துகளின் முதுகில் வந்ததா, ரேஷன் பைகளில் வந்ததா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சுகப்பிரியா அதைப் பார்த்தது பேருந்தில்தான் என்று நினைக்கிறேன். அவள் மின்பேருந்துப் பணிமனையில் வேலை பார்த்தவள் என்பதால் நானே அப்படிக் கற்பித்துக்கொண்டதாகவும் இருக்கலாம். மற்றவை நடந்தபடியே நினைவில் இருக்கின்றன.

மின்கலத்தை மாற்றுவதற்காகப் பின்மூடியைத் திறக்கப் போனவள் திறக்காமல் நின்றாள். மூடி முழுக்க ஒரு பெண். மேலிருந்து குனிந்து பார்க்கும் முகம். வாய் பாதி திறந்திருந்தது, கண்கள் இடுங்கியிருந்தன, தலையைச் சுற்றி வட்டமாக வானம். கீழே எழுதியிருந்தது: ‘ஈமத்தாய். வயது இரண்டாயிரத்து அறுநூறு.’

“என்னக்கா, சாமி கும்பிடுறியா?” என்றான் பக்கத்துப் பேருந்துக்கு அடியில் கிடந்த ராஜபாண்டி.

“எங்கம்மாடா இது.”

“நம்ம எல்லாருக்குந்தான் அம்மா. டிவியில சொன்னாங்கள்ல.”

மூடியைத் திறந்தாள். முகம் மேலே போய்விட்டது.

ஈற்றொளிப் படங்கள் வந்து நான்கைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. சுட்ட மண்ணில் இருக்கும் மணற்பரல்கள் தம்மேல் விழும் ஒளியில் கொஞ்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. புது ஒளி விழுந்தால் பழையது அழிந்துவிடும். ஆனால் பானை மண்ணுக்குள் போய் இருண்டுவிட்டால், கடைசியாக விழுந்தது அப்படியே தங்கிவிடும். இறந்தவர்களை வைத்துப் புதைத்த, வாய் குறுகிய ஈமத்தாழிகள் கேமராப் பெட்டிகளைப் போலவே இருந்தன. கறுப்புக் கூடாரம் அடித்து, இருட்டிலேயே தோண்டி, ஈற்றொளிப்பான் என்ற கருவியை உள்ளே இறக்கினால், தாழி கடைசியாகக் கண்டது படமாக வெளியே வரும். ஒருமுறைதான் எடுக்கலாம். எடுத்தபின் அது வெறும் தாழி.

கலைஞர்களெல்லாம் இடுகாட்டு மேடுகளை மொய்த்தார்கள். அவர்களில் நவிலன் என்ற புகைப்படக்காரர் ஆவரங்காட்டு மேட்டில் எடுத்ததுதான் ஈமத்தாய். பிள்ளையைப் பறிகொடுத்து ஒப்பாரி வைக்கும் தாய் என்று எழுதினார்கள். அவள் கழுத்தில் மடித்துத் தைத்த காலர் தெரிந்தது, அதற்குக் கீழே நான்கு துளைப் பொத்தானும். உலகத்துக்கே சட்டை தைத்துக் கொடுத்தவர்கள் நாம் என்று ஏழாம் வகுப்பில் பாடம் வந்தது. ‘தொல்காலர்’ வைத்த ரவிக்கைகள் தீபாவளிக்கு விற்றுத் தீர்ந்தன. தோண்டிய இடம் எதிலும் ஒரு பொத்தான்கூடக் கிடைக்கவில்லையே என்று கேட்ட ஓர் ஆய்வாளரை இனத்துரோகி என்றார்கள். அவர் அதற்குப் பிறகு எதையும் கேட்கவில்லை.

சுகப்பிரியாவுக்கு அந்தக் காலரைத் தெரியும். அவள் அப்பாவின் சட்டை அது. அவள் பள்ளிக்கூடம் போன காலத்தில், அம்மா பேச்சியம்மாள் அதைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு ஆவரங்காட்டு மேட்டுக்கு அகழாய்வுக் குழி வேலைக்குப் போவாள்.

எழுபதைத் தாண்டிவிட்ட பேச்சியம்மாள் அந்த முகம் அச்சான ரேஷன் பையை மடியில் விரித்துப் பார்த்தாள்.

“நாந்தேன். இந்தா பாரு, மேல ஒரு பொத்தான் இல்ல. உங்கப்பன் பிச்சுட்டான்.”

“அழுதியாம்மா அப்ப?”

“அழுகவா? நல்லாக் கேட்ட போ.” பேச்சியம்மாள் பையைத் தட்டினாள். “வேலை முடியுற நாளு. தாழி வாய் தெரிஞ்சிருச்சு, மிச்சத்த மறுவருசம் எடுக்கலாம்னுட்டாக. மூடுறதுக்கு முந்தி போட்டோ எடுக்கணும்ல. குழியச் சுரண்டி, கூட்டி, நம்ம காலடியக்கூட அழிச்சிட்டு மேல ஏறணும். ஏறிட்டேன், நெழலு மட்டும் குழிக்குள்ள கெடந்துச்சு. அந்த சூப்பர்வைசரு, ‘ஏய், ஒன் நெழலையும் எடுத்துக்கிட்டுப் போடி’ன்னான். அத்தன பேருக்கு முன்னாடி. மூஞ்சிக்கு நேரா என்னத்தச் சொல்ல? பெறகு தாழிக்குச் சாக்குப் போட என்னையத்தேன் எறக்கிவிட்டாக. உள்ள குனிஞ்சு அவனையும் அவன் வம்சத்தையும் வஞ்சு தீத்துட்டேன். தாழிக்குள்ள வஞ்சா நல்லாக் கேக்கும்டி.”

“மறுவருசம் எடுக்கலையா?”

“எங்க எடுத்தாக? வேற ஊருக்குப் போயிட்டாக.”

கிழவி சிரித்தாள். சுகப்பிரியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. நிழலைக்கூடப் பொறுக்காதவர்கள் இன்று அந்த முகத்துக்குப் பூப்போடுகிறார்கள். படத்துக்குக் கீழே அம்மாவின் பெயர் வர வேண்டும். அது மட்டும் போதும் என்று அவளுக்குத் தோன்றியது. நாடு முழுக்க ஒட்டிய படத்தில் இரண்டு சொல் மாற்ற எவ்வளவு நேரமாகும்?

அருங்காட்சியக இயக்குநர் தமயந்தி மரியாதையானவர். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், முழுவதையும் கேட்டார். பிறகு பழைய அகழாய்வுப் படம் ஒன்றைத் திரையில் கொண்டுவந்தார். கத்தியால் வெட்டினாற்போல் சதுரக் குழி, நடுவே தாழியின் வாய், பக்கத்தில் அளவுகோல்.

“நீங்க சொல்ற குழி இதுதாம்மா. பாருங்க, யாருமே இல்லையே.”

“படம் எடுக்கறப்ப எங்கள வெளிய நிக்கச் சொல்லுவாங்க மேடம்.”

“அது அறிவியல் முறை.”

“சரி. தாழி வாய் அப்பவே வெளிச்சத்துல இருக்கே. பழைய ஒளி எப்படி உள்ள தங்கும்?”

தமயந்தி கோப்பு ஒன்றைப் புரட்டினார்.

“உள்ளே ஒளி போயிருக்காதுன்னு நிபுணர் குழு முடிவு செஞ்சிருக்கு.”

“மறுபடி ஒருதடவ எடுத்துப் பாருங்க.”

“எடுத்தோமே. இப்ப உள்ளே இதுதான் இருக்கு.” அடுத்த படம் வந்தது. தாழிக்குள் எட்டிப் பார்த்து, எல்லாப் பல்லும் தெரியக் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார் நவிலன்.

அந்த நவிலனே அப்போது கதவைத் திறந்துகொண்டு வந்தார். சுகப்பிரியாவைப் பார்த்தார், சுவரில் இருந்த ஈமத்தாயைப் பார்த்தார். அவருக்கு மூச்சே நின்றுவிட்டது.

“மேடம், இவங்க நெற்றியப் பாருங்க! தாடையப் பாருங்க! இரண்டாயிரத்து அறுநூறு வருஷமா மாறாத முகம்!”

“எங்கம்மா சார் அது. அதான் ஒரே சாடை.”

“அதைத்தான் நானும் சொல்றேன்,” என்று அவள் தோளைப் பிடித்து ஈமத்தாய்க்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

அவளுக்கு அடிக்கத்தான் தோன்றியது. ஆனால் தாழியைப் பழைய இடத்திலேயே புதைக்க விழா வைத்திருப்பதாகவும், அவள் மேடையில் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்றும் அவர் சொன்னதும் அடக்கிக்கொண்டாள். அப்போது அப்படி ஒரு வழக்கம் வந்திருந்தது. படம் எடுத்து வெறுமையான தாழிகளை மறுபடி புதைப்பார்கள். அதற்கு முன் அமைச்சர்களும் நடிகர்களும் உள்ளே குனிந்து சிரிப்பார்கள். வருங்காலம் தோண்டும்போது தங்கள் முகம் கிடைக்க வேண்டுமாம். ‘முகம் விடுதல்’ என்று அதற்குப் பெயர்.

விழாவுக்கு அம்மாவையும் கூட்டிப்போனாள். மேடைக்கு எதிரே, குழியின் ஓரத்தில் எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் நிறுத்தினாள். “நான் கை காட்டுறப்ப நீ நிமிர்ந்து நில்லு, போதும்.”

ஒலிபெருக்கி கைக்கு வந்தது. “இந்தப் படத்துல இருக்கிறது பேச்சியம்மாள். இந்தக் குழியில மண்ணு வெட்டினவ. அந்தச் சட்டை எங்கப்பாவோடது. செத்துப்போன யாரும் இல்ல இது. உயிரோட இருக்கா. அந்தா நிக்கிறா!”

எல்லோரும் திரும்பினார்கள். அந்த நேரம் பார்த்து நவிலன் கேமராவைத் தூக்கினார். “அப்படியே இருங்க, ஒரு படம்!”

குழியோரத்தில் யாரும் இல்லை.

பேச்சியம்மாள் பந்தல்காலுக்குப் பின்னால் போய்விட்டிருந்தாள். முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, தன் நிழல் குழிக்குள் விழுகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டம் ஒரு கணம் விழித்தது. பிறகு கை தட்டியது. ஈமத்தாய் சாகவே இல்லை என்பதை என்ன அருமையாகச் சொல்லிவிட்டது இந்தப் பெண் என்று அமைச்சரே தட்டினார். ஒலிபெருக்கியை யாரோ பணிவாக வாங்கிக்கொண்டார்கள்.

“ஏம்மா ஒதுங்குன?”

“போட்டோ எடுக்கேன்னான்ல.”

“அதுக்கு?”

பேச்சியம்மாள் தன் பாதங்களைப் பார்த்தாள். “தெரியலடி. காலு தன்னால போயிருச்சு.”

நிபுணர் குழுவும் ஏழாம் வகுப்புப் பாடமும் மூட்டாத கோபத்தை அந்தச் சொல் மூட்டியது. அம்மாவின் மேல் இல்லை. அந்தக் கால்களை அப்படிப் பழக்கியவர்கள் மேல். சுகப்பிரியா மண்மேட்டில் உட்கார்ந்தாள்.

அமைச்சர் குழிக்குள் இறங்கி நெடுநேரம் சிரித்தார். தமயந்தி சிரித்தார். நவிலன் மூன்று கோணங்களில் சிரித்தார். பிறகு எல்லோரும் சாப்பாட்டுப் பந்தலுக்குப் போனார்கள். தாழிக்குப் போட வேண்டிய பிளாஸ்டிக் விரிப்போடு ஒரு கூலிக்காரப் பெண் மட்டும் குழிக்குள் நின்றாள். சேலைக்கு மேல் ஆண் சட்டை.

சுகப்பிரியா அந்த விரிப்பையே பார்த்தாள். புது ஒளி விழுந்தால் பழையது அழிந்துவிடும். அப்படியானால் இதைப் போடுவதற்குக் கடைசியாகக் குனியப்போவது யார்? காட்சிக்கூடங்களில் தொங்கும் அரசர், பூசாரி, தலைவி என்ற அத்தனை முகங்களும் யாருடையவை? எந்தக் காலத்தில்தான் பெரிய மனிதர்கள் மூடும்வரை நின்றிருக்கிறார்கள்?

அவள் எழுந்தாள். “வாம்மா.”

“எங்கடி?”

“உள்ள எறங்கு.”

கூலிக்காரப் பெண் ஒதுங்கி மேலே ஏறப் பார்த்தாள். அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள் சுகப்பிரியா. “ஒதுங்காத. ஒம்பேரென்ன?”

“ஆரோக்கியம்.”

“நீயும் குனி.”

மூன்று பேரும் தாழியின் வாயைச் சுற்றிக் குனிந்தார்கள். பந்தலில் இலை போடும் சத்தம் கேட்டது.

“இப்ப வையி,” என்றாள் சுகப்பிரியா.

“யாரடி?”

“எல்லாரையும்.”

பேச்சியம்மாள் தொடங்கினாள். மற்ற இருவரும் சேர்ந்துகொண்டார்கள். வைதுகொண்டே, முகத்தை எடுக்காமல் விரிப்பை இழுத்து மூடினார்கள். பிறகு மண்ணைத் தள்ளினார்கள்.

அமைச்சர் அடுத்த தேர்தலில் தோற்றார். தமயந்தி ஓய்வு பெற்று மகனோடு கனடாவில் இருக்கிறார். நவிலன் விருது வாங்கினார். ஈமத்தாய்க்குப் பக்கத்தில் சுகப்பிரியாவை நிறுத்தி எடுத்த படம் ஏழாம் வகுப்புப் பாடத்தில் சேர்ந்தது. ஆரோக்கியம் இன்றும் குழி வேலைக்குப் போகிறாள். பேச்சியம்மாள் அந்த மழைக்காலத்தில் இறந்தாள். வீட்டில் மாட்ட அவளுடைய படம் ஒன்றுகூட இல்லாததால், ரேஷன் பையிலிருந்து முகத்தை வெட்டிச் சட்டம் போட்டார்கள். சுகப்பிரியா பணிமனையில்தான் இருக்கிறாள். தாழி மண்ணுக்குள் இருக்கிறது.