கைக்குக் கீழே ஒரு வழி

ஐந்தாம் ஆண்டு வகுப்பிலேயே மிகக் குட்டையானவள் மிஷெல். மிக உயரமானவன் ஜீவன். இருவரையும் எதிரெதிரே நிறுத்தியது சீட்டுக் குலுக்கல்தான். யாரும் வேண்டுமென்றே செய்யவில்லை.

பள்ளி விளையாட்டு விழாவில் உலக நாடுகளின் மல்யுத்தங்களைச் செய்து காட்டப் போகிறார்கள். இது கமலநாதன் சாரின் யோசனை. எல்லாவற்றையும் அவர் கைபேசியில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டிருந்தார்.

கொரியாவில் எதிராளியின் இடுப்புத் துணியைப் பிடித்துச் சாய்ப்பார்கள். சுவிட்சர்லாந்தில் ஜெயித்தவர், தோற்றவர் முதுகில் ஒட்டிய மரத்தூளைத் தட்டிவிட வேண்டும். துருக்கியில் உடம்பெல்லாம் எண்ணெய் பூசிக்கொள்வார்கள்.

"எண்ணெயா? சீருடையில கறை பட்டா அம்மாங்க எல்லாம் சேர்ந்து என்னைத் தூக்கிப் போடுவாங்க," என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். துருக்கி அன்றோடு முடிந்தது.

மிஷெலுக்கும் ஜீவனுக்கும் மங்கோலியா வந்தது.

"இதுல எடைப் பிரிவு கிடையாது. நேரக் கணக்கும் கிடையாது," என்றார் சார். "முட்டியோ முழங்கையோ முதுகோ மண்ணுல பட்டா தோல்வி."

"சார், அங்க பொண்ணுங்களை இதுல இறங்க விடமாட்டாங்களாம்," என்றான் வகுப்புத் தோழன் குரு.

"நாம என்ன மங்கோலியாவிலயா இருக்கோம்? நம்ம ஊரு கம்போங் மேடான்ல இருக்கோம். பேசாம நில்லு லா," என்றாள் மிஷெல்.

நீளம் தாண்டும் மணலில் பயிற்சி தொடங்கியது. முதல் நாள் ஜீவன் அவளை ஒன்பது முறை போட்டான். அவளுடைய காதுக்குள் எல்லாம் மணல். இரண்டாவது வாரம் மிஷெல் ஒன்றைக் கண்டுபிடித்தாள். இழுக்கும்போது அவன் முன்னால் சாய்வான். அந்த நேரம் பார்த்து அவன் காலைத் தன் காலால் கொக்கி போட்டாள். முட்டி தரையில் பட ஜீவன் விழுந்தான்.

"ஏய், எப்படிப் போட்ட?" விழுந்த இடத்திலிருந்தே சிரித்தான். "இன்னொரு தடவை போடு, பார்க்கணும்."

ஜீவன் அப்படித்தான். தோற்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டான்.

ஆட்டம் முடிந்ததும் ஒரு வழக்கம் இருந்தது. ஜெயித்தவர் கழுகு மாதிரி கைகளை விரிக்க வேண்டும். தோற்றவர் அந்தக் கைக்குக் கீழே நுழைந்து போக வேண்டும். பிறகு ஜெயித்தவர் கைகளை அசைத்துக் கழுகு ஆட்டம் ஆடுவார். மிஷெலின் தோள் ஜீவனின் நெஞ்சுக்குத்தான் வரும். அவன் முதுகை மடக்கிக் குனிந்துதான் போக முடிந்தது.

வெள்ளிக்கிழமை அவன் அப்படிக் குனிந்த நேரத்தில்தான் அவனுடைய அப்பா வந்து நின்றார். அவர் பெயர் கன்னையா. ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு சோபா தொழிற்சாலையில் காவலாளி. சீருடைகூட மாற்றாமல் மகனை அழைத்துப் போக வந்திருந்தார்.

"டேய் ஜீவா! என்னடா பண்ற?"

"பயிற்சிப்பா."

"கக்கத்துக்குக் கீழ பூந்து போறதுதான் பயிற்சியா?"

சார் ஓடி வந்தார். "அது மங்கோலியாக்காரங்க மரியாதைங்க. ஜெயிச்சவங்ககிட்ட, நீ நல்லா ஆடினன்னு ஒத்துக்கிறது. அப்படிப் போகலைன்னாதான் தோத்தவனுக்கு அவமானம்."

"அவங்க மரியாதை எனக்குத் தெரியாது சார். நான் பதினாலு வருஷமா குனியறேன். என்னோட போகட்டும். என் மகன் குனிய வேணாம். அதை எடுத்துடுங்க."

"அதை எடுத்துட்டா வெறும் தள்ளுமுள்ளுதான் மிச்சம் இருக்கும்."

"அப்போ இவன் தோத்த அந்த நிமிஷமே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிடுவேன். அதுக்கப்புறம் இந்தப் பக்கமே விடமாட்டேன்."

குருவும் மற்றவர்களும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மிஷெல் சிரிக்கவில்லை.

அவளுடைய அம்மா அதே தொழிற்சாலையில் சோபா உறை தைப்பவர். போன பள்ளி விடுமுறையில் அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோன மிஷெல், வாசலில் ஒன்றைப் பார்த்தாள். மேலாளரின் கார் வந்தது. கண்ணாடி இறங்கியது. உள்ளே இருந்தவன் வாசலில் காட்ட வேண்டிய வாகன அட்டையை நீட்டினான். கன்னையா கையை நீட்டினார். அந்த ஆள் அட்டையைத் தரையில் போட்டுவிட்டு, "எடு," என்றான். கை தவறி விழவில்லை. போட்டான். கன்னையா குனிந்து எடுத்தார். பிறகு சல்யூட் அடித்தார்.

மிஷெல் இதை ஜீவனிடம் சொன்னதே இல்லை.

திங்கட்கிழமை ஜீவன் மணலைக் காலால் கிளறிக்கொண்டு நின்றான்.

"நான் தோத்துடவா?" என்று கேட்டாள் மிஷெல்.

"வேணாம்."

"யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும். நீ சும்மா விழுந்தேன்னு வை, அப்புறம் உன்கூடப் பேசவே மாட்டேன்."

அவன் சொன்னது நியாயம்தான். அதனாலேயே மிஷெலுக்குக் கோபம் வந்தது. அன்று வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள்.

"அம்மா, குனியறது அசிங்கமா?"

"நாள் முழுக்க மெஷின்ல குனிஞ்சுதான் இருக்கேன். முதுகுதான் விட்டுப் போகுது," என்றார் அம்மா. "சாப்பிடு. சோறு காயுது."

விழா நாள் வந்தது. திடலைச் சுற்றிச் சிவப்பு நெகிழி நாற்காலிகள். முதல் வரிசையில் கன்னையா விறைப்பாக உட்கார்ந்திருந்தார். இன்று சீருடை இல்லை. தேய்த்த வெள்ளைச் சட்டை.

சார் ஊதலை ஊதினார். இருவரும் தோள்களைப் பற்றிக்கொண்டார்கள்.

ஜீவன் முழு மூச்சாக ஆடினான். ஒரு முறை மிஷெலை அப்படியே தூக்கினான். அவள் பூனை மாதிரிக் காலூன்றி இறங்கினாள். மறுபடி பிடித்தார்கள். மூன்று நிமிடமா, ஐந்து நிமிடமா, யாரும் பார்க்கவில்லை. மிஷெலின் உள்ளங்கை எரிந்தது. இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது.

ஜீவன் இழுத்தான். முன்னால் சாய்ந்தான்.

விட்டுவிடலாமா என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. பிறகு அவன் சொன்னது ஞாபகம் வந்தது. காலைக் கொக்கி போட்டாள்.

ஜீவனின் முட்டி மணலில் பட்டது.

திடல் கை தட்டியது. கன்னையா எழுந்துவிட்டார்.

சார் மெல்லத் தலையாட்டினார். வழக்கப்படி மிஷெல் கைகளை விரித்தாள். ஜீவன் எழுந்து வந்து அவள்முன் நின்றான். அந்தக் கையைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான். அவன் கண் கலங்கியிருந்தது. குனிந்தால் அப்பாவுக்கு அவமானம். குனியாமல் திரும்பிப் போனால் அவனுக்கு அவமானம்.

மிஷெல் தன் கையைப் பார்த்தாள். அது அவன் நெஞ்சுக்கு நேராக நின்றது. கோளாறு எங்கே என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

கையை மடக்கினாள். முதல் வரிசைக்கு ஓடினாள்.

"அங்கிள், நீங்கதான் எந்திரிச்சிட்டீங்களே. இந்த நாற்காலியை எடுத்துக்கிறேன்."

அவர் வாயைத் திறப்பதற்குள் நாற்காலி மணலுக்குப் போய்விட்டது. மிஷெல் அதில் ஏறப் பார்த்தாள். அதன் ஒரு கால் மணலில் புதைந்து நாற்காலி சாய்ந்தது. கூட்டம் சிரித்தது.

"அங்கிள், யாராவது பிடிச்சாதான் நிக்கும். கொஞ்சம் வர்றீங்களா?"

"எதுக்கு?" அவர் குரல் கடுமையாக இருந்தது.

"குட்டையா இருக்கிறது நான். அதுக்கு ஜீவன் எதுக்கு அங்கிள் குனியணும்?"

கன்னையா அவளைப் பார்த்தார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு மணலுக்குள் வந்தார். நாற்காலியின் கால்களை இரண்டு கையாலும் இறுகப் பற்றிக்கொண்டார். அதற்கு அவர் நன்றாகக் குனிய வேண்டியிருந்தது.

மிஷெல் ஏறி நின்றாள். கைகளை விரித்தாள்.

ஜீவன் முதுகை நிமிர்த்திக்கொண்டு நடந்தான். அவசரமே இல்லாமல் அவள் கைக்குக் கீழே நுழைந்து அந்தப் பக்கம் போனான். அவன் தலைமுடிகூட அவள் கையில் உரசவில்லை.

"சார், மங்கோலியாவில நாற்காலி உண்டா?" என்று கத்தினான் குரு.

"இன்னையிலேர்ந்து உண்டு," என்றார் சார். கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்திக்கொண்டார்.

இனிக் கழுகு ஆட்டம்தான் பாக்கி. மிஷெல் கைகளை மெல்ல மேலும் கீழும் அசைத்தாள். நாற்காலி ஆடவே இல்லை.

"சீக்கிரம் பறந்து முடிம்மா," என்றார் கீழேயிருந்து கன்னையா. "கை வலிக்குது."

"இன்னும் ஒரு சுத்து இருக்கு அங்கிள்."

"சரி சரி, பறந்துக்கோ. நான் பிடிச்சிருக்கேன்."