வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்

செவ்வாய்க் கிரகத்துக் குவிமாடத்தில் வருடத்துக்கு ஒருநாள், காலைக் காபிக்கு முன்பாக, எந்த இனத்தாரை வெளியே அனுப்பலாம் என்று மக்கள் வாக்களிப்பார்கள். காற்று தயாரிக்கும் மூச்சாலை பழசாகிவிட்டது, எல்லாருக்கும் போதாது. கள்ள ஓட்டு கிடையாது, அடிதடி கிடையாது. சாகப்போகிறவர்களுக்கும் வாக்குரிமை உண்டு. இதைவிட யோக்கியமான ஜனநாயகம் எங்கே கிடைக்கும்?

போன வருடம் வெளியே அனுப்பப்பட்டவர்கள் நிலவில் பிறந்தவர்கள். அவர்கள் வெளியே நின்று சற்று நேரம் கண்ணாடியைத் தட்டியதைத் தில்லைவாணனும் மனைவி பூவிழியும் ஜன்னலோரம் முறுக்கு கடித்தபடி பார்த்தார்கள்.

"பாவந்தான். ஆனா பக்கத்துல நின்னாலே ஒரு வாடை," என்றாள் பூவிழி.

இந்த வருடம் தமிழர்கள் என்று முடிவு வந்தது. தில்லைவாணன் தேர்தல் ரோபோவிடம் ஓடினான்.

"எங்கள்ல பாதிப் பேர் போனாலே காத்து போதும்ல? எங்களுக்குள்ள ஒரு ஓட்டு வைங்க."

ரோபோ தமிழர்களை அலசிப் பார்த்தது. தோல், ரத்தம், பேச்சு, குழம்பு எல்லாம் ஒன்றாகவே இருந்தன. "எப்படிப் பிரிப்பது? வேறுபாடே தெரியவில்லையே."

"உங்களுக்குத் தெரியாது. பூமியில எங்க பூட்டன் எந்தத் தெருவுல இருந்தார்னு பாருங்க."

குவிமாடத்தில் தெருவே கிடையாது. பல தலைமுறையாக யாரும் கேட்காத கேள்வி இது. ஆனாலும் தமிழர்களுக்கு உடனே புரிந்துவிட்டது. பழைய பூமிப் பதிவேட்டைப் பார்த்து, ஊரை இரண்டாகப் பிரித்த வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று ரோபோ பெயர்களைப் பிரித்து வாசிக்க வாசிக்க, நேற்றுவரை ஒரே பானையில் பொங்கல் வைத்தவர்கள் தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள். வாய்க்கால் என்றால் என்னவென்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

"தில்லைவாணன், இந்தப் பக்கம். பூவிழி, அந்தப் பக்கம்."

மறுநாள் இருவரும் சேர்ந்தே போய் வாக்களித்துவிட்டு வந்தார்கள். பூவிழி காபி கலந்து நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

"என்னங்க, யாருக்கு எதிராப் போட்டீங்க?"

"ரகசிய ஓட்டு பூவு. அதையெல்லாம் கேக்கக் கூடாது."

மாலையில் அந்தப் பக்கத்தார் வெளியேற்றப்பட்டார்கள். பூவிழி சரியாகத் தன் வீட்டு ஜன்னலைக் கண்டுபிடித்துத் தட்டினாள். தில்லைவாணனுக்கு அழுகை வந்தது. முறுக்கு டப்பாவைத் திறந்தான்.

"பாவந்தான்," என்றான், துணைக்கு வந்து உட்கார்ந்த பக்கத்து வீட்டு நன்மாறனிடம். "ஆனா அவ காபியில எப்பவுமே ஒரு வாடை."

நன்மாறன் முறுக்கை எடுக்கப்போன கையை நிறுத்தினான்.

"ஆமா, இந்தப் பக்கத்துல நீங்க எந்தத் தெருண்ணே?"