மேல்மாடியிலிருந்து இறங்கிய பை

பை இறங்கிக்கொண்டிருந்தது.

மத்தியானப் பாத்திரங்களைக் கழுவி முடித்து, கைத்துணியைக் கொடியில் போடப் பால்கனிக்கு வந்த சுந்தரவல்லி அதைப் பார்த்ததும் முதலில் ஒன்றும் நினைக்கவில்லை. கல்கத்தாவில் மாடி வீட்டுக்காரர்கள் கயிற்றில் பையைக் கட்டி இறக்குவதும், தெருவில் நிற்கும் வண்டிக்காரன் அதில் கத்தரிக்காயோ மீனோ போட்டு அனுப்புவதும் நம் ஊரில் கிணற்றில் வாளி விடுவதைப் போலத்தான். ஊரடங்கு வந்த பிறகு லேக் கார்டன்ஸ் முழுக்க நாள் பூராவும் பைகள் ஏறி இறங்கின. ஆனால் இது சிவப்பு நைலான் பை. ஒரு காது பிய்ந்து நீல நூலால் தைக்கப்பட்ட பை. மேல்மாடிப் பூர்ணிமாவின் பை. தெருவில் வண்டிக்காரனும் இல்லை. அம்பான் புயல் வருகிறதென்று காலையிலிருந்து டிவியில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். நாய்கூட வெளியில் இல்லை.

பை அவள் பால்கனிக்கு நேராக வந்து நின்றது. காற்று எதிர்ச்சாரி வேப்பமரத்தைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. கொடியில் இருந்த துணியெல்லாம் படபடவென்று அடித்துக்கொண்டது. பை மட்டும் அசையவில்லை.

மாடிக்கு ஒரு வீடாக அந்தக் கட்டடத்தில் மூன்றே வீடுகள். கீழே, வங்கியிலிருந்து ஓய்வுபெற்ற தத்தா பாபுவும் அவர் மகன் ரோனியும். நடுவில் சுந்தரவல்லியும் பத்து வயது மகள் மேக்னாவும். துறைமுகத்தில் வேலை பார்க்கும் கணவன் சிவராஜை, கூட இருந்தவனுக்கு நோய் கண்டதால், டாக்குக்குள்ளேயே நிறுத்திவைத்துவிட்டார்கள். மேலே பூர்ணிமா. பைபாஸ் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ், தனி ஆள். மேக்னா அவளை மாசி என்று கூப்பிடுவாள். இந்த ஊரில் அப்படித்தான் சித்தியைக் கூப்பிடுவார்கள்.

மார்ச் மாதத்து அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தெருவே பால்கனிகளில் நின்று தட்டைத் தட்டியது. சங்கு ஊதினார்கள். சுந்தரவல்லி எவர்சில்வர் தட்டு நெளியும்வரை கரண்டியால் அடித்தாள். எல்லோரும் பூர்ணிமாவை அண்ணாந்து பார்த்துக் கைதட்டினார்கள். அவள் வெட்கத்தோடு கும்பிட்டுவிட்டு உள்ளே ஓடிப்போனாள்.

அதே கைகள்தான். மே மாதம் பிறந்து கொஞ்ச நாளில் பூர்ணிமா வேலை முடிந்து, மஞ்சள் மழைக்கோட்டும் ரப்பர் கையுறையுமாக, மேம்பாலத்திலிருந்து நடந்து வந்தாள். அவள் வார்டில் ஆட்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற செய்தி அவளுக்கு முன்பே வந்துவிட்டிருந்தது. எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒரு அரைச் செங்கல் பறந்து வந்து அவள் காதைக் கிழித்தது. பயம் வந்தால் மனிதர்களுக்குக் கண் தெரியாது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். நன்றாகவே தெரியும், யாரை அடித்தால் கேட்க ஆளில்லை என்று பார்த்துத்தான் அடிப்பார்கள். ரோனி கிரிக்கெட் ஸ்டம்பால் அவள் முழங்காலில் போட்டான். விழுந்தவளின் முதுகில் போட்டான். அவள் நாலு காலில் படியேறினாள். ஏற ஏற அடித்தான். படிக்குப் படி ரத்தம். அவள் வீட்டுக்குள் போய் விழுந்ததும், தத்தா பாபு வெளியே இருந்த கம்பிக் கதவை இழுத்து மூடிவிட்டுப் பூட்டு இருக்கிறதா என்று கேட்டார். பெரிய பூட்டாக யாரிடமும் இல்லை. கரியாஹாட்டில் கடை எதுவும் திறந்திருக்கவும் இல்லை.

சுந்தரவல்லி உள்ளே போய், அப்பா கல்யாணச் சீரோடு கொடுத்தனுப்பிய திண்டுக்கல் பூட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவளை யாரும் கேட்கவில்லை. தானாகவேதான் கொடுத்தாள். முந்தின நாள் பூர்ணிமா படியில் மேக்னாவின் கன்னத்தைக் கிள்ளியிருந்தாள். அந்த ஒரு நினைப்புதான் மண்டைக்குள் நின்றது.

பின்னால் யாருக்கும் இரக்கம் வந்து தொலைக்கக் கூடாதென்று தத்தா பாபு சாவியை எல்லோரும் பார்க்கச் சாக்கடையில் எறிந்தார். பிளீச்சிங் பவுடர் போட்டுப் படியைக் கழுவிவிட்டார்கள். போலீஸுக்குச் சொன்னால் மூங்கில் கட்டித் தெருவையே அடைத்துவிடுவார்கள் என்பதால் யாரும் சொல்லவில்லை. திண்டுக்கல் பூட்டுக்கு எப்போதும் இரண்டு சாவி உண்டு என்பதையும் யாரும் யோசிக்கவில்லை. இரண்டாவது சாவி சுந்தரவல்லியின் இடுப்புக் கொத்தில் இருந்தது.

மறுநாள் பை இறங்கியது. பால்கனி முழுக்கக் கம்பி அடைத்திருந்தாலும் பை வாங்க ஒரு சின்னத் திறப்பு உண்டு. அதன் வழியே சுந்தரவல்லி இரண்டு வாழைப்பழமும் ஒரு பாட்டில் தண்ணீரும் வைத்தாள். தத்தா பாபு அதைப் பார்த்துவிட்டு, இன்னொரு முறை அந்தப் பையைத் தொட்டால் உங்களையும் சேர்த்துத்தான் பூட்ட வேண்டியிருக்கும் என்று தன்மையாகவே சொன்னார். அதற்கடுத்த நாள் பை வந்தபோது அவள் பால்கனிக் கதவைச் சாத்தினாள். மேலே தட்டைத் தட்டும் சத்தம் கேட்டது. டிவி சத்தத்தைக் கூட்டினாள். தட்டு வேகமாக ஒலித்தது, பிறகு மெதுவாக, பிறகு நினைத்துக்கொண்டாற்போல் எப்போதாவது. பிறகு இல்லை. மாடிப்படியில் பிளீச்சிங் வாடைக்கு அடியில் வேறொரு வாடை எழுந்தது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. சுந்தரவல்லி மஞ்சள் தண்ணீர் தெளித்து, ஊர் வழக்கப்படி வாசல் கம்பிக் கதவில் வேப்பிலைக் கொத்தைச் செருகி வைத்தாள்.

இப்போது அந்தப் பை வந்து நிற்கிறது.

"மாசிக்குப் பசிக்குதும்மா," என்றாள் மேக்னா, பின்னாலிருந்து.

"அங்கிட்டுப் போகாத தாயி. உள்ள வா."

சொல்லிவிட்டு அவளே போனாள். உயிரோடுதான் இருக்கிறாள் போலிருக்கிறது என்று நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. பிஸ்கட்டையும் தண்ணீரையும் பைக்குள் வைத்தாள். பை ஏறவில்லை. மெல்லச் சாய்ந்து, கவிழ்ந்து, வைத்ததையெல்லாம் தெருவில் கொட்டிவிட்டு மறுபடி வாய் திறந்து நின்றது. கயிற்றில் காய்ந்த பழுப்புக் கறை. பிளீச்சிங்கும் அழுகலும் கலந்த வாடை. சுந்தரவல்லி பின்னால் நகர்ந்தபோது இடுப்பில் சாவிக்கொத்து சத்தமிட்டது. பை அந்தப் பக்கமாகத் திரும்பியது.

என்ன வேண்டும் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. ஓடிவந்து கதவைத் தாழ்போட்டாள்.

மின்சாரம் போனது. நாலு மணிக்கே வீடு இருண்டது. வேப்பமரம் முறிந்து தெருவுக்குக் குறுக்கே விழுந்த அதிர்ச்சியில் சமையலறை டப்பாக்கள் உருண்டன. சிவராஜுக்குப் போன் போட்டாள், நெட்வொர்க் செத்திருந்தது. மேக்னாவை மடியில் இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் பாத்ரூம் ஜன்னல் பக்கம் அது கேட்டது. மூன்று வீட்டுக் குழாய்களும் இறங்கும் குறுகலான சந்துக்குள்ளிருந்து, இருமல். வறண்ட இருமல். மூச்சு எடுக்க இடைவெளி விடாத இருமல். காற்றின் ஊளைக்கு மேலேயும் அது தெளிவாகக் கேட்டது. அவளுக்குக் கேட்டால் கீழ்வீட்டுக்கும் கேட்கும்.

கேட்டுவிட்டது. வாசலில் கம்பிக் கதவு அதிர்ந்தது.

மரக்கதவைத் திறந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு தத்தா பாபு. கையில் ஸ்கூட்டர் சங்கிலி. ரோனியின் கையில் டார்ச்சும் ஸ்டம்பும்.

"பௌதி," என்றார் தத்தா பாபு வங்காளத்தில். வயதில் சின்னவளான அவளை எப்போதும் அண்ணி என்றுதான் கூப்பிடுவார். "உங்க வீட்டுல குழந்தை இருமுது."

"எங்க வீட்டுல யாரும் இருமல. மேலேருந்து கேக்குது. மேல."

தத்தா பாபு சங்கிலியை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "மேல இருமறதுக்கு ஆள் இல்ல. முந்தாநாள் நானே போய்க் கம்பி வழியா டார்ச் அடிச்சுப் பாத்தேன். முகத்தை எலி தின்னிருக்கு."

சுந்தரவல்லி மேக்னாவின் காதுகளைப் பொத்தினாள்.

அம்மைக்காரி சீதளா தேவிக்கு வைப்பதுபோல வாசலில் வேப்பிலை வைத்துக்கொண்டு நோயே இல்லை என்றால் யார் நம்புவார்கள் என்று அவர் கேட்டார். வராமல் இருக்க வைத்தது, வந்ததால் இல்லை என்று அவள் கெஞ்சினாள். மேக்னாவை முன்னால் நிறுத்தி, தொட்டுப் பாருங்கள், காய்ச்சல் இருக்கிறதா பாருங்கள் என்று அழுதாள். சந்துக்குள் மறுபடி இருமல். தத்தா பாபு சங்கிலியைக் கம்பிகளுக்குள் கோக்க ஆரம்பித்தார். பதினான்கு நாள்தான், சாப்பாடு பையில் வரும் என்றார். பையில் என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். இரண்டு கைகளாலும் சங்கிலியைப் பிடித்து இழுத்தாள். ரோனி கம்பி வழியே ஸ்டம்பைக் குத்தினான். வாயில் பட்டது. பல் உடைந்து நாக்கில் கிடந்தது. அடுத்த குத்து விரல்களில். எலும்பு நொறுங்கியது அவளுக்கே கேட்டது.

சங்கிலி அவள் பிடியிலிருந்து உருவிப்போனது.

மேக்னா கத்திக்கொண்டிருந்தாள். சுந்தரவல்லி ரத்தத்தைத் துப்பிவிட்டு, மரக்கதவை அறைந்து சாத்திப் பால்கனிக்கு ஓடினாள். பை அங்கேயே நின்றது. அந்தக் காற்றிலும் அசையாமல். சாவியைக் கொத்திலிருந்து பல்லால் கடித்துப் பிரித்தாள். "எடுத்துக்க. எம்புள்ளைய மட்டும் விட்டுரு," என்று பைக்குள் போட்டாள்.

பை விருட்டென்று மேலே போனது.

இருமல் நின்றது.

மேலே பூட்டு திறக்கும் சத்தம். முதல் சுற்று. இரண்டாம் சுற்று. சிறு வயதிலிருந்தே தெரிந்த சத்தம். கம்பிக் கதவு இழுபட்டது. படியில் ஏதோ இறங்கியது. காலால் இல்லை. நாலு காலால். மழைக்கோட்டு சரசரத்தது.

வெளியே ரோனி ஏதோ கேட்டான். அப்புறம் அவன் குரல் ஒரு சின்னக் குழந்தையின் குரலாக மாறியது. ஸ்டம்பு எதிலோ இறங்கியது. மறுபடி இறங்கியது. கல்லில் தேங்காய் உடைகிற சத்தம். தத்தா பாபு கடவுளைக் கூப்பிட்டார், மகனைக் கூப்பிட்டார், கடைசியில் பூர்ணிமாவைக் கூப்பிட்டார். அடி நிற்கவில்லை. அவர் கூப்பிடுவதுதான் நின்றது. மரக்கதவுக்கு அடியிலிருந்து ரத்தம் நீள வழிந்து வந்து மேக்னாவின் பாதத்தைத் தொட்டது.

விட்டது, பிழைத்தோம் என்று சுந்தரவல்லி கும்பிட்டாள். நிஜமாகவே நன்றியோடு கும்பிட்டாள்.

மகளைச் சமையலறைக்குள் தள்ளிவிட்டு மரக்கதவைத் திறந்தாள்.

படியில் கிடந்த இரண்டு பேருக்கும் முகம் என்று எதுவும் இல்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் மஞ்சள் மழைக்கோட்டு மண்டியிட்டிருந்தது. ரப்பர் கையுறை போட்ட கை பிளீச்சிங் பவுடரை அள்ளி ரத்தத்தின்மேல் நிதானமாகத் தூவியது. படிக்குப் படி. ஒரு இடம் விடாமல். பிறகு கை மேலே வந்தது. திண்டுக்கல் பூட்டைக் கம்பிக் கதவில் மாட்டியது.

முதல் சுற்று.

இரண்டாம் சுற்று.

தலையை மூடிய தொப்பிக்குள் டார்ச் வெளிச்சம் கொஞ்சம் பட்டது. எலிகள் விட்டுவைத்த ஒரு கண் சுந்தரவல்லியைப் பார்த்தது. கோபம் இல்லை. முன்பு படியில் பார்த்தால் சிரிப்பாளே, அதே பார்வை. பிறகு அது திரும்பி, நாலு காலில், மேலே ஏறிப்போனது. சாவியையும் கொண்டுபோனது.

சமையலறையில் மேக்னா இருமினாள்.

சுந்தரவல்லி ஓடிப்போய் அவள் நெற்றியைத் தொட்டாள். கொதித்தது. வறண்ட இருமல். மூச்சு எடுக்க இடைவெளி விடாத இருமல். நெளிந்த எவர்சில்வர் தட்டை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். உடைந்த விரல்களோடு அடித்தாள். தெரு முழுக்கக் கேட்கும்படி, அன்றைக்கு அடித்ததைவிட பலமாக அடித்தாள். எதிர்வீட்டு மாடியில் மெழுகுவர்த்தி வெளிச்சம் தெரிந்தது. ஒரு முகம் எட்டிப் பார்த்தது. இருமல் அதற்கும் கேட்டிருக்க வேண்டும். ஜன்னல் சாத்திக்கொண்டது. அடுத்த ஜன்னல். அதற்கடுத்தது.

மேலேயிருந்து பை இறங்கியது.

பால்கனித் திறப்புக்கு நேராக வந்து நின்றது. உள்ளே கறுத்து அழுகிய இரண்டு வாழைப்பழங்கள். ஒரு பாட்டில் தண்ணீர்.

"பாத்தியாம்மா, மாசி குடுத்துவிட்டிருக்காங்க," என்று இருமிக்கொண்டே வந்து மேக்னா திறப்பு வழியாகக் கையை நீட்டினாள். சுந்தரவல்லி தடுக்கவில்லை. நாளைக்குப் பையில் எதுவும் இருக்காது என்று அவளுக்குத் தெரியும்.