லூமுட்காரன் வாங்கி வந்த பந்து

ஈப்போ பேருந்து நிலையத்துக்கு எதிரே, மழைத் தூறலில், ஜூலியானாவின் கையிலிருந்து பந்து நழுவியது. சாலைக்கு ஓடியது... ஒரு நீலக் காரின் சக்கரத்தடியில் 'டப்' என்று உயிரை விட்டது.

"அண்ணே! கண்ணைக் கழட்டி வீட்டுல வெச்சிட்டா கார் ஓட்டுறீங்க?"

இறங்கி வந்தவனின் கண்கள் மழையில் கழுவி வைத்தாற்போல் இருந்தன. இந்தக் கண்களோடு சண்டை போடுவது கஷ்டம் என்று அவளுக்கு அப்போதே பட்டது...

"சோரி லா. அடுத்த சனிக்கிழமை புதுசு வாங்கித் தாரேன். எங்க கொண்டு வரணும்?"

"காலேஜ் கோர்ட்டுக்கு. வரலைன்னா உங்க கார் நம்பர் போலிஸ்ல இருக்கும்!"

அவன் பெயர் எரிக். லூமுட்டில் கப்பல் பட்டறைப் பொறியாளன். சொன்னபடியே வந்து பையைத் திறந்தான். தோழிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"ஐயோ, இது நெட்பால் லா!"

"நம்ம பொண்ணுங்க ஸ்கூல்ல அதானே ஆடுவாங்க..." என்று அசடு வழிந்தான்.

"இந்தப் பொண்ணு ஆடுறது பாஸ்கெட்பால்," என்றாள் ஜூலியானா. "பேராக் காலேஜ் ஆட்டத்துல பெஸ்ட் ஃபார்வர்ட் யாருன்னு கேட்டுப் பாருங்க."

அவன் யாரையும் கேட்கவில்லை. உட்கார்ந்து பார்த்தான். நெட்டையான எதிரணிப் பெண்கள் நடுவே அவள் எழும்பியதையும், பந்து வலைக்குள் விழுந்ததையும் பார்த்தான். பிறகு சனிக்கிழமைதோறும் வந்தான்...

கோலாலம்பூர் கிளப் ஒன்று தன் அணியில் ஆட அவளை அழைத்திருந்தது. அப்பா சவரிநாதனும் பாதி சம்மதித்திருந்தார். அந்த நேரம் பார்த்து, பூசை முடிந்த கோயில் வாசலில் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார். "சவரி, பொண்ணுக்கு லூமுட்ல மாப்பிள்ளையாமே?"

லகாட்டிலுள்ள வீட்டுக்கு வந்ததும் அப்பா கதவைச் சாத்தினார்.

"ஃபைனலோட பந்தைத் தூக்கி வெச்சிடு. கோலாலம்பூரும் வேணாம். பேரு போனா திரும்பி வராது."

காற்சட்டை போட்டு ஆடுகிறாளே என்று சொந்தம் முணுமுணுத்தபோது தனியாக எதிர்த்து நின்றவர் அவர். அவரிடம் எப்படி வாதாடுவது? எரிக்கைப் போனில் அழைத்து, "இனிமே வராதீங்க" என்றாள்.

"சரி" என்றான். அவ்வளவுதான்... இவ்வளவுதானா இவன்?

இறுதி ஆட்டத்தன்று முன்வரிசையில் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பட்டுப்புடவையில் ஓர் அம்மாள். அவர் பக்கத்தில்... எரிக்!

கைக்கு வந்த பந்தைக் கோட்டை விட்டாள். பயிற்சியாளர் கத்தினார். அதன் பிறகு விடவேயில்லை. வெற்றிப் புள்ளியும் அவளுடையதுதான்.

ஆட்டம் முடிந்ததும் அப்பா அருகில் வந்தார்.

"நேத்து அம்மாவும் மகனும் தட்டோட வந்தாங்க. முன்வாசல் வழியா. அவ இனிமே ஆட மாட்டா, வீட்டோட இருப்பான்னு சொன்னேன். 'அப்படின்னா வேணாம் அங்கிள், நான் கேட்டது ஆடுற பொண்ணை'ன்னு எழுந்திரிச்சிட்டான். என் வீட்டுல நின்னு எனக்கே ரூல் போடுறான்! நான்தான் ஆட்டம் பாக்க வாங்கன்னு ரெண்டு பேரையும் கூப்பிட்டேன்."

மீசை அசைந்தது. கோபமா, சிரிப்பா?

"உனக்குச் சம்மதம்னா நிச்சயத்தை முடிச்சிட்டுக் கோலாலம்பூருக்குப் போ. கோயில் வாசல்ல எவன் பேசுறான்னு நான் பாக்குறேன்."

எரிக்கின் அம்மாவோடு சற்றுத் தள்ளிப் போய் நின்றார், கண்பார்வைக்குள்தான்.

"ஏன் என்கிட்ட முதல்ல சொல்லல?" என்று ஜூலியானா எரிக்கிடம் சீறினாள்.

"மறைச்சுப் பேசினா உன் பேருதானே அடிபடும்... இப்ப சொல்றேன். எனக்கு உன்னைப் புடிச்சிருக்கு, ஜூலி."

"'சரி'ன்னு போனை வெச்சிட்டீங்க. சோறு எறங்கல எனக்கு!"

"எனக்கும்தான்..."

அப்பா இருமினார். அவள் குரலைத் தாழ்த்தவில்லை. அவருக்கும் கேட்கட்டும் என்றே சொன்னாள்.

"எனக்கும் உங்களைத்தான் புடிச்சிருக்கு!"