மலிகாவின் கூண்டு

யுத்தம் முடிந்த மறுவருஷம், ராயபுரம் ஸ்டேஷனுக்குப் பின்னாலிருந்த ஆராய்ச்சிக்கூடத்துக்குக் கூண்டு கழுவ வந்தாள் ரஹீமுன்னிசா. ஒரே மகள் மலிகாவைக் கபருஸ்தான் மண்ணில் புதைத்துவிட்டு வந்த கை அது. சும்மா இருந்தால் இவளும் போய்விடுவாள் என்று டாக்டர் லியோனார்ட்தான் வேலை கொடுத்தார். மலிகாவின் கன்னத்துப் புண்ணுக்கு மருந்து போட்டவர் அவர். புண் ஆறுவதற்குள் விஷக்காய்ச்சல் வந்து குழந்தையைக் கொண்டுபோய்விட்டது.

கிருமியை யார் புண்ணிலிருந்து எடுத்து எலிக்கு ஏற்றினார்களோ, அவர் பெயரையே கிருமிக்கு வைப்பது அங்கே வழக்கம். அதை யாரும் அவளிடம் சொல்லவில்லை.

ஒருநாள் டாக்டர் உதவியாளரிடம் சொன்னது காதில் விழுந்தது.

"மலிகா இன்னும் உயிரோடதான் இருக்கு. அந்தக் கூண்டுல."

பெத்த மனம் பித்து. ஓடிப்போய்ப் பார்த்தாள். வெள்ளெலியின் மூக்கில் தோல் தடித்து, ஓரம் மேடு கட்டி, நடுவில் குழி விழுந்திருந்தது. மகளின் கன்னத்தில் இருந்த அதே புண். அந்தத் தோலைத்தான் டாக்டர் மெல்லிசாகச் சீவி, சாயம் போட்டு, பூதக்கண்ணாடியில் பார்ப்பார். சதை எப்படி உப்பியிருக்கிறது, கிருமி எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று சந்தோஷமாகச் சொல்வார்.

பகலிலும் ஜன்னல் சாத்திய அறை. எலி மூத்திரமும் பினாயிலும் கலந்த நாற்றம். இருட்டில் எலி சொறியும் சத்தம்.

சர்க்... சர்க்...

"சொறியாத கண்ணு," என்பாள். உயிரோடிருந்தபோது மலிகா, "அரிக்குதும்மா" என்று சிணுங்கிவிட்டுக் கையை எடுப்பாள்.

எலியும் நிறுத்தியது.

ஆராய்ச்சி முடிந்தது. எலிகளை மயக்க மருந்தில் கொன்று, எல்லாவற்றையும் எரிக்கச் சொன்னார் டாக்டர். ரஹீமுன்னிசா அவர் காலைக் கட்டிக்கொண்டாள்.

"எங்க ஜனத்துல எரிக்க மாட்டாங்க தொரே. பொதச்சிடலாம். நானே குழி தோண்டறேன்."

"எலிம்மா அது! பொதைச்சா நோய் பரவும்."

"அதும்பேரு இன்னா? நீதான சொன்ன?"

டாக்டர் காலை உருவிக்கொண்டு போய்விட்டார். சற்று நேரத்தில் கொல்லைப்புறத்தில் புகை எழுந்தது. அவள் சேலையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள் காலிக் கூண்டைக் கழுவப் போனாள். கூண்டுக் கம்பி சுட்டது.

சர்க்... சர்க்...

வாசலில் நின்ற டாக்டருக்கும் கேட்டது.

ரஹீமுன்னிசா கூண்டருகே குனிந்தாள்.

"சொறியாத கண்ணு."

சத்தம் நின்றது. உள்ளேயிருந்து, மெல்ல:

"அரிக்கலம்மா. எரியுது."